தேவகியைப் பிடிக்கவில்லை என்கிறார்கள், மாற்றிவிடலாமா?

கேள்வி: என் முதல் நாவலை எழுதி முடித்திருக்கிறேன். சுமார் 60,000 சொற்கள். நாயகி தேவகிக்கு 46 வயது. படுக்கையில் கிடந்த அம்மாவை 9 வருடம் தனியாளாகப் பார்த்துக்கொண்டவள். வீடு முழுக்க தேவகிக்கு என்று அம்மா முன்பே ஒரு உயில் எழுதியிருக்கிறார். அம்மா போன பிறகு, தம்பிக்கும் பாதி என்று பின்னால் எழுதிய இன்னொரு உயில் அவள் கையில் கிடைக்கிறது. அதை மறைத்துவிடுகிறாள். மிச்ச நாவல் முழுக்க அந்தப் பொய்யைக் காப்பாற்ற அவள் செய்யும் காரியங்கள்தான். மூன்று நண்பர்களிடம் படிக்கக் கொடுத்தேன். இருவர், "அவளைப் பிடிக்கவே இல்லை" என்று 40 பக்கத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். மூன்றாமவர், "எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் இரண்டே நாளில் முடித்துவிட்டேன்" என்றார். பயந்துபோய் இரண்டு அத்தியாயம் சேர்த்தேன். ஒன்றில் அடிபட்ட நாய்க்குட்டியைத் தூக்கிவந்து வளர்க்கிறாள். இன்னொன்றில் அவளுடைய சிறுவயதுக் கஷ்டங்கள் வருகின்றன. இப்போது நாவல் இன்னும் மோசமாகிவிட்டதுபோல் இருக்கிறது. மையப் பாத்திரத்தை வாசகருக்குப் பிடித்தே ஆகவேண்டுமா? கடைசியில் அவள் தம்பியிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா? முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: பிடித்தே ஆகவேண்டியதில்லை. ஆனால் அந்த இரண்டு நண்பர்கள் சொன்னதை ஒதுக்கவும் வேண்டாம். புத்தகத்தைப் பாதியில் மூடிய ஒருவரிடம் ஏன் என்று கேட்டால் சட்டென்று வாயில் வரும் பதில் "பிடிக்கவில்லை" என்பதுதான். சலிப்பு, குழப்பம், ஆசிரியர் மேல் நம்பிக்கை போனது எல்லாமே அந்த ஒரு பதிலுக்குள் அடங்கிவிடும். உங்கள் மூன்றாவது நண்பருக்கும் தேவகியைப் பிடிக்கவில்லை, ஆனாலும் அவர் படித்து முடித்தார். அப்படியென்றால் மற்ற இருவரை நிறுத்தியது தேவகியின் குணம் மட்டும் இல்லை.

எனவே முதல் வேலை, அவர்கள் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள் என்று கேட்பது. "ஏன் பிடிக்கவில்லை" என்று கேட்காதீர்கள். கேட்டால் அந்த இடத்திலேயே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்வார்கள், அது பெரும்பாலும் ஒழுக்கம் சம்பந்தப்பட்டதாக இருக்கும், நீங்களும் நாய்க்குட்டியைத் தேடிக் கிளம்பிவிடுவீர்கள். பக்கம் தெரிந்ததும் இன்னொன்று கேளுங்கள்: "நிறுத்திய இடத்தில், தேவகி அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்று நினைத்தீர்கள்?" பதில் இருந்தால் அவர்களுக்குக் கதை புரிந்திருக்கிறது, இந்த மாதிரிப் பெண்ணோடு ஒரு நாவல் முழுக்க இருக்க விருப்பமில்லை, அவ்வளவுதான். அது அவர்கள் ரசனை, அதைத் திருத்த முடியாது. "தெரியவில்லை" என்றோ "புலம்பிக்கொண்டே இருப்பாள்" என்றோ வந்தால் கோளாறு எழுத்தில் இருக்கிறது. அதுவும் அவர்கள் நிறுத்திய பக்கத்தில் இருக்காது, நாலைந்து பக்கம் முன்னால் இருக்கும். வாசகர் சலித்த நிமிடமே புத்தகத்தை மூடுவதில்லை, கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்ப்பார்.

அடுத்து, முதல் 40 பக்கத்தையும் தாளில் அச்செடுத்து மூன்று நிறப் பென்சில்களோடு உட்காருங்கள். தேவகி தானாக முடிவெடுத்துச் செய்வதற்குப் பச்சை. அவளுக்கு நடப்பது, அதனால் அவள் வருந்துவது, பெருமூச்சு, கண்ணீர், புலம்பல் எல்லாவற்றுக்கும் நீலம். கதைசொல்லி அவளைப் பற்றியோ தம்பியைப் பற்றியோ கருத்துச் சொல்லும் இடங்களுக்குச் சிவப்பு. தொடர்ந்து இரண்டு பக்கம் பச்சையே இல்லாமல் வந்தால் அங்கே வாசகர் நழுவத் தொடங்குகிறார். சிவப்பு, பக்கத்துக்கு ஒன்று இருந்தாலே அதிகம்.

நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தில் உயில் கிடைக்கும் பத்தி இது:

"தேவகி பெருமூச்சு விட்டாள். ஒன்பது வருடம்! தன் வாழ்க்கையே போயிற்று. அது யாருக்காவது தெரியுமா? தம்பி வருடத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். பாவம், அப்பாவியான அவனுக்கு அக்காவின் மனதில் மூண்டுகொண்டிருந்த பேராசை தெரியவில்லை. உயிலைப் படித்ததும் அவள் நெஞ்சு கொதித்தது. இது அநியாயம் என்று தோன்றியது. சட்டென்று அதை ஒளித்துவைத்தாள்."

ஒன்பது வாக்கியம். அதில் தேவகி முடிவெடுத்துச் செய்வது கடைசி வாக்கியத்தில் மட்டும், அதையும் "சட்டென்று" கெடுத்துவிடுகிறது. நாவலையே தாங்கவேண்டிய குற்றத்தை அவள் செய்யவில்லை, அது அவளுக்கு நேர்ந்துவிட்டது என்று ஆகிப்போகிறது. குற்றத்தை மென்மையாக்கத்தான் அந்தச் சொல்லைப் போட்டிருப்பீர்கள். நடந்தது தலைகீழ்: கெட்டது செய்யக்கூடத் துணிவில்லாத ஆளாக அவள் தெரிகிறாள்.

"பாவம்", "அப்பாவி", "பேராசை" மூன்றும் தீர்ப்புகள். வாசகர் வழக்கைக் கேட்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டதால் அவருக்குச் செய்ய வேலை இல்லை. "அக்காவின் மனதில்" என்பதையும் பாருங்கள். தேவகியோடு நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தவர், அவளை அக்கா என்று கூப்பிட்ட நொடியில் தம்பி பக்கம் போய் நின்றுவிட்டார். தமிழில் உறவுச் சொல் யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். கோப்பில் "அக்கா" என்று தேடிப் பாருங்கள். உரையாடலுக்கு வெளியே வரும் இடங்களிலெல்லாம் உங்களை அறியாமல் தம்பிக்கு வக்காலத்து வாங்கியிருக்க வாய்ப்புண்டு.

அதே பத்தியை இப்படியும் எழுதலாம்:

"இரண்டு தாள். தேவகி முதலில் தேதியைப் பார்த்தாள். அம்மாவுக்கு வலது கை விழுந்து நாலு மாதம் கழித்து வந்த ஒரு தேதி. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் இடது கட்டைவிரல் ரேகை. சாட்சிகள் இரண்டு பேர். ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. எங்கே என்று யாரும் கேட்டதில்லை. தாள்களை மடித்து, அம்மாவின் மருந்துச் சீட்டுகள் இருந்த உறைக்குள், நடுவில் செருகினாள். அந்த உறையை ஒன்பது வருடமாக அவளைத் தவிர யாரும் திறந்ததில்லை. பிறகு தம்பிக்கு போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்."

இந்தத் தேவகி முன்னவளைவிட மோசமானவள். ஆத்திரத்தில் செய்யவில்லை, சாட்சிகளைக் கணக்குப் பார்த்துவிட்டுச் செய்கிறாள். ஆனாலும் பக்கம் திரும்பும், ஏனென்றால் அவள் யோசிப்பது தெரிகிறது, அந்த யோசனையில் ஒரு ஓட்டை இருப்பதும் தெரிகிறது: காலி செய்துகொண்டு போன சாட்சி. ஒன்பது வருட உழைப்பும் பத்தியில் இருக்கிறது, ஆனால் புலம்பலாக இல்லை, யாரும் திறக்காத ஒரு உறையாக இருக்கிறது. அந்த போன் அன்பா நடிப்பா என்று நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

இனி நாய்க்குட்டி. நாயகன் தொடக்கத்திலேயே யாருக்காவது ஒரு நல்லது செய்துவிட்டால் பார்வையாளர் அவன் பக்கம் வந்துவிடுவார் என்று திரைக்கதை வகுப்புகளில் சொல்லித்தருவதுண்டு. பூனையைக் காப்பாற்று என்று அதற்குப் பெயரே இருக்கிறது. 2005இல் வந்த ஒரு திரைக்கதைக் கையேட்டின் தலைப்பு அது. இரண்டு மணி நேரப் படத்தில், முகமும் இசையும் கூட இருப்பதால், சில சமயம் எடுபடும். நாவலில் பெரும்பாலும் எடுபடாது. நாய்க்குட்டியைத் தூக்கிவந்ததால் தேவகிக்கு எந்த நஷ்டமும் இல்லை, உயிலுக்கும் நாய்க்கும் சம்பந்தமும் இல்லை. "இவளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்களேன்" என்று ஆசிரியர் கெஞ்சுவது மட்டும் வாசகருக்குக் கேட்கும். நாவல் மோசமாகிவிட்டதாக உங்களுக்குத் தோன்றுவது சரிதான். அந்த அத்தியாயத்தை அப்படியே எடுத்துவிடுங்கள்.

நல்ல செயல் எப்போது வேலை செய்யும் என்பதற்கு 1866இல் வெளிவந்த தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவல் நல்ல பாடம். பின்னால் கொலை செய்யப்போகும் அதன் நாயகன் ரஸ்கோல்நிகோவ், அதற்கு முன்பே குடிகாரர் ஒருவரை வீட்டில் கொண்டுபோய் விடும்போது, அந்தக் குடும்பத்தின் வறுமையைப் பார்த்துத் தன்னிடம் இருந்த சில்லறையை ஜன்னலோரம் வைத்துவிட்டு வருகிறான். படி இறங்கும்போதே "என்ன மடத்தனம் செய்தேன்" என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது. அவனே வறுமையில் இருப்பவன், அதனால் அந்தச் சில்லறைக்கு விலை இருக்கிறது. கொடுத்த கையும் வருந்திய மனமும் ஒரே ஆளுடையவை. பின்னால் கோடரியைத் தூக்கப்போவதும் அதே ஆள்தான் என்று நம்ப வைப்பது கருணை இல்லை, அந்த இழுபறி.

நல்ல செயலை எங்கே வைப்பது என்பதற்குச் சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். கோவலனைப் பிடிக்கவேண்டும் என்று இளங்கோ அவசரப்படவே இல்லை. மனைவியை விட்டுப் போகிறான், செல்வத்தைத் தொலைக்கிறான், மாதவியையும் சந்தேகப்பட்டுப் பிரிகிறான். யானையின் பிடியிலிருந்து ஒரு முதியவரைக் காப்பாற்றியது, பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதத்திடமிருந்து மீட்கத் தன் உயிரையே கொடுக்க முன்வந்தது எல்லாம் அடைக்கலக் காதையில், மாடலன் என்ற அந்தணர் வாயிலாகத்தான் வருகின்றன. அது 15ஆவது காதை. 16ஆவது கொலைக்களக் காதை. முதலிலேயே சொல்லியிருந்தால் அது வெறும் நற்சான்றிதழாக இருந்திருக்கும். கொலைக்கு ஒரு காதை முன்னால் சொல்வதால் இழப்பாகிறது. அதுவும் கோவலன் தானே பெருமையடித்துக்கொள்ளவில்லை, வேறொருவர் சொல்கிறார்.

உங்கள் சிறுவயது அத்தியாயத்துக்கும் இதுவே பதில். குற்றத்துக்கு முன்னால் வைத்த கஷ்டம் வக்கீல் வாதம்போலத்தான் ஒலிக்கும். அதை எடுத்து ஓரமாக வையுங்கள். அதிலுள்ள எந்தச் சம்பவம் பெரியவளான தேவகியின் ஏதாவது ஒரு முடிவை மாற்றுகிறது என்று பாருங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் அதை மட்டும் ஐந்தாறு வரியாக்கி, நாவலின் பாதிக்கு மேல், முடிந்தால் தம்பியின் வாயிலோ வேறு யாருடைய வாயிலோ வையுங்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால் அத்தியாயம் முழுவதும் போகலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய சொத்து ஒன்றை வைத்துக்கொண்டு நீங்கள் தொடவே இல்லை. ஒன்பது வருடம் படுக்கையிலிருந்த ஒருவரைப் பார்த்துக்கொண்டவளுக்கு என்னென்ன கைவந்திருக்கும்? படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பார்கள், ராத்திரியிலும். அப்படி வருடக்கணக்கில் செய்தவளுக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வரும். மூச்சுச் சத்தம் மாறினால் அடுத்த அறையிலிருந்தே தெரியும். எந்த மாத்திரை எப்போது, எதை எதோடு கொடுக்கக்கூடாது என்று நோட்டில் எழுதிவைத்திருப்பாள். வலி இல்லை என்று அம்மா சொன்னாலும் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று முகம் மாறாமல் சொல்லவும் தெரியும்.

இந்தத் திறமைகள் அத்தனையும் ஒரு மோசடிக்காரிக்கும் வேண்டியவை. பொறுமை, தூக்கம் கெட்டாலும் தவறாத கவனம், யாரிடம் எப்போது என்ன சொன்னோம் என்ற கணக்கு, எதிராளியின் முகத்தைப் படிப்பது, கூசாமல் பொய் சொல்வது. அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்ட விதத்திலேயே பொய்யையும் பார்த்துக்கொள்ளட்டும். மருந்து நோட்டின் கடைசிப் பக்கங்களில், தம்பியிடம் சொன்ன பொய்களைத் தேதிவாரியாகக் குறித்துவைக்கட்டும். வீட்டைப் பார்க்க வந்த தம்பி ராத்திரி இருமினால், தூக்கத்திலிருந்து எழுந்து தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கட்டும், கொடுத்த கையோடு அவன் பையைத் துழாவட்டும். அவளை வாசகருக்குப் பிடிக்குமா என்ற கேள்வியே அங்கே எழாது. நல்லதும் கெட்டதும் தனித்தனி அத்தியாயத்தில் இருந்தால்தான் வாசகர் தராசைத் தூக்குவார்.

தம்பியைக் கொஞ்சம் கெடுங்கள். இப்போது அவனிடம் குறையே இல்லை, அதனால் தேவகி அசைந்தாலே வில்லியாகிவிடுகிறாள். அதற்காகக் குற்றத்தைச் சமன்செய்கிற மாதிரி அவனையும் திருடனாக்கிவிடக்கூடாது. அது இன்னொரு வகை வக்கீல் வேலை. மாதாமாதம் பணம் அனுப்பியதை அவன் அடிக்கடி நினைவூட்டினாலே போதும். அவன் முட்டாளாகவும் இருக்கக்கூடாது. ஏமாற்றுவது சுலபம் என்றால் தேவகியின் சாமர்த்தியத்துக்கு மதிப்பில்லை.

அவளைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒருவராவது கதைக்குள் வேண்டும். எல்லோருமே நம்பிவிட்டால், "நானாவது இவளைக் கண்டிக்கவேண்டும்" என்ற பொறுப்பு வாசகர் தலையில் விழுகிறது. கதைக்குள்ளேயே ஒருவர் சந்தேகப்பட்டுவிட்டால் அந்தப் பாரம் இறங்கி, "மாட்டிக்கொள்வாளோ" என்ற பதற்றம் வருகிறது. பதற்றப்படுகிற வாசகர் தனக்குத் தெரியாமலே அவள் பக்கம் வந்துவிட்டார். மேலே நான் எழுதிய பத்தியிலுள்ள இரண்டாவது சாட்சியை 90ஆம் பக்கத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

பொய்யைக் காப்பாற்றுவதுதான் மிச்ச நாவல் என்கிறீர்கள். அங்கேதான் இரண்டாவது ஆபத்து. ஒரே குற்றம் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வந்தால் எப்பேர்ப்பட்ட பாத்திரமும் அலுத்துவிடும், அப்போதும் வாசகர் "பிடிக்கவில்லை" என்றுதான் சொல்வார். ஒவ்வொரு பொய்யும் முந்தையதைவிடக் கூடுதல் விலை கேட்கவேண்டும். முதலில் மௌனம். பிறகு நேரடிப் பொய். பிறகு தனக்காக இன்னொருவரைப் பொய் சொல்ல வைப்பது. பிறகு சம்பந்தமில்லாத ஒருவருக்குக் கேடு வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது. பொய்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். இடம் மாற்றினாலும் கதை கெடவில்லை என்று இரண்டு பொய்கள் கிடைத்தால், அவற்றில் ஒன்று தேவையில்லை.

தன்மையில், "நான்" என்று தேவகியே சொல்வதாக மாற்றலாமா என்ற யோசனை வரலாம். அவள் தன்னை நியாயப்படுத்துவதற்கும் நடந்ததற்கும் நடுவிலுள்ள இடைவெளி வாசகருக்குத் தெரியும்படி எழுத முடிந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லாவிட்டால் புலம்பல் இரட்டிப்பாகும். "தேவகி பார்த்தாள், மடித்தாள்" என்ற படர்க்கையே இந்தக் கதைக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

பிடித்தே ஆகவேண்டிய எழுத்தும் இருக்கிறது. காதல் கதையில் இருவரும் சேரவேண்டும் என்று வாசகர் விரும்பாவிட்டால் படிப்பதற்கு ஒன்றுமில்லை. குழந்தைகளுக்கான தொடரிலும், ஒரே நாயகரை நம்பி வருடக்கணக்கில் ஓடும் தொடர்கதையிலும் அப்படித்தான். சிறுகதைக்கு இந்தக் கவலையே வேண்டாம். 10 பக்கத்துக்கு யாரோடும் இருந்துவிடலாம். உங்களுடையது இவை எதுவும் இல்லை. பதிப்பாசிரியர் யாராவது "நாயகியைக் கொஞ்சம் நல்லவளாக்குங்களேன்" என்றால், எந்தப் பக்கத்தில் ஆர்வம் விட்டுப்போனது என்று அவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

கடைசியில் ஒப்புக்கொள்ள வேண்டுமா என்பது. வாசகரைச் சமாதானப்படுத்தத்தான் என்றால் வேண்டாம், அது வாலில் கட்டிய இன்னொரு நாய்க்குட்டி. தண்டனைக்கும் அதே விதி. முழுக் கெட்டவனின் வீழ்ச்சி இரக்கத்தையோ அச்சத்தையோ எழுப்பாது என்று அரிஸ்டாட்டில் கவிதையியலில் சொல்லியிருக்கிறார். தேவகி முழுக் கெட்டவள் ஆகாதவரை, விலையை அவள் எதற்காகப் பொய் சொன்னாளோ அதிலிருந்தே வாங்குங்கள். வீடு அவளுக்கே கிடைக்கட்டும். தம்பி இனிமேல் அந்த வீட்டுக்கு வராமல் இருக்கட்டும், அவனுக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று அவளுக்குக் கடைசிவரை புரியாமல் இருக்கட்டும். இது ஒரு வழிதான். முடிவெடுக்கத் தடுமாறினால், ஒப்புக்கொள்ளும் முடிவையும் ஒப்புக்கொள்ளாத முடிவையும் 300 சொல்லில் தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்காகவும் பின்னோக்கிப் போய் எத்தனை காட்சிகளைத் திருத்த வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். குறைவாகத் திருத்தச் சொல்லும் முடிவைத்தான் நாவல் ஏற்கனவே நோக்கிப் போய்க்கொண்டிருந்திருக்கும்.

திருத்திய 40 பக்கத்தை அந்த இருவரிடம் திரும்பக் கொடுக்காதீர்கள். தேவகியைப் பற்றி அவர்களுக்கு ஒரு முடிவு ஏற்கனவே இருக்கிறது. மூன்றாமவருக்குக் கதை முழுக்கத் தெரியும், அவரும் வேண்டாம். புதிதாக மூன்று பேரைப் பிடியுங்கள், நாயகி எப்படிப்பட்டவள் என்று முன்கூட்டி எதுவும் சொல்லாமல் 40 பக்கத்தை மட்டும் கொடுங்கள், மிச்சம் கையில் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அடுத்த பக்கத்தை அவர்களாகக் கேட்கிறார்களா என்று பாருங்கள்.